மூடு

பதினோரு மணி வெயில். நாகர்கோவில் பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டி மின்கம்பத்தின் நிழலில் நின்றிருந்தார். ஒரு சாண் அகல நிழல். அது நகர நகர, அவரும் மருந்துப்பையோடு நகர்ந்தார்.

எங்கள் பக்கம் மூடு என்றால் மரத்தடி. வேப்பமூடு, புளியமூடு, ஆலமூடு என்று நிறுத்தங்களுக்கே மரத்தின் பெயர்தான்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. சாலையை அகலப்படுத்தியவர்கள் மிச்சத்தில் கைவைத்தார்கள், புயலைவிட நிதானமாக.

மரம் நிழல் மட்டுமா தருகிறது? இலைவழி நீராவி விட்டுக் காற்றையும் குளிர்விக்கிறது. கான்கிரீட்டோ பகல் வெயிலைச் சேமித்து இரவில் நம்மிடமே திருப்பித் தருகிறது. தூக்கமும் போகிறது, ரத்த அழுத்தமும் ஏறுகிறது.

தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறார் டாக்டர். எந்த நிழலில்?

பஸ் வந்தபோது பாட்டி கம்பத்தின் மறுபக்கம் போயிருந்தார்.