மலிவு லேப்டாப்: 64 ஜிபி என்னும் பொறி

11.6 அங்குலத் திரை, செலரான் என்4020 பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (ஃபைல்களைச் சேமிக்கும் சிப்). மலிவு லேப்டாப்பின் ஜாதகம் பெரும்பாலும் இதுதான். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பலவற்றில் ஃபேன் இல்லை. சத்தமும் இல்லை, தூசி அடைப்பும் இல்லை.

தலைவலி அந்த இஎம்எம்சிதான். போர்டோடு சாலிடர் செய்த சிப். கழற்றிப் பெரிதாக மாற்ற வழியில்லை. அட்டைப்பெட்டியில் 64 என்றாலும் விண்டோஸ் காட்டுவது சுமார் 58. பெரிய அப்டேட் வந்தால் இடமில்லை என்று நின்றுவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய்ப் பழைய அப்டேட் மிச்சங்களை அழியுங்கள். (டவுன்லோட்ஸ் டிக்கை எடுத்துவிட்டு!) போதாவிட்டால் காலியான 16 ஜிபி பென்டிரைவைச் செருகுங்கள், அப்டேட் அதைத் தற்காலிக இடமாக எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸுக்குப் பதில் லுபுண்டு என்னும் இலகுவான லினக்ஸைப் போட்டால் இடப் பிரச்சினை தீரும். ரேம் பற்றாக்குறை தீராது, குரோமில் பத்து டேப் திறந்தாலே திணறும். வாங்குமுன் எம்.2 ஸ்லாட் (கூடுதலாக எஸ்எஸ்டி சேமிப்பகம் செருகும் இடம்) உண்டா என்று மட்டும் கேளுங்கள்.