பரணில் கிடந்த கார் கிட்டை மறுபடி எடுப்பவர்களுக்கு

பல வருஷம் பெட்டியிலேயே கிடந்த 1/24 அளவு (நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கார் கிட்டைத் திறந்ததும் முதலில் டயரையும் டீக்கலையும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) பாருங்கள். பாடி, சேசி (அடிச்சட்டம்) எல்லாம் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், முப்பது வருஷம் ஆனாலும் பெரிதாகக் கெடாது. டயர் அப்படியில்லை. அதை மிருதுவாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து, ஒட்டிக்கிடக்கும் வீலையும் கண்ணாடியையும் இளக்கிப் பள்ளமாக்கிவிடும். இன்றே தனிப் பையில் போட்டு வையுங்கள். டீக்கல் மஞ்சளடித்திருந்தால் ஜிப் கவரில் போட்டு, வெயில் விழும் ஜன்னலில் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுக்கும். தேவையில்லாத ஒரு சின்ன லோகோவைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நொறுங்கினால், ஷீட் முழுக்க லாக்கர் கிளியர் (நிறமில்லாத பூச்சு) மெல்லிசாக அடித்து, காய்ந்தபின் ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்ட வேண்டும்.

கையேடு எஞ்சினில் ஆரம்பிக்கும். நீங்கள் பாடியில் ஆரம்பியுங்கள், அது காயும் நேரத்தில் சேசி முடிந்துவிடும். ஆனால் பெயிண்டுக்கு முன்பே பாடியைச் சேசிமேல் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட வேண்டும். பல கிட்டுகளில் பாடியைக் கொஞ்சம் விரித்தால்தான் உள்ளே போகும். எங்கே இடிக்கிறது என்று பெயிண்டுக்கு அப்புறம் தெரிந்தால் பூச்சு விரிசல் விடும்.

ஃபெண்டர் மேலும் கூரைத் தூண்களிலும் மெல்லிய அச்சுக்கோடு ஓடும். 600, பிறகு 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுங்கள். பளபளப்பு ஏற ஏற அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும். கதவு, பானட் இடுக்குகளைப் பிளேடின் பின்முனையால் மெதுவாக இழுத்து ஆழமாக்குங்கள். 0.1 மி.மீ. பூச்சு என்பது நிஜக் காரில் 2.4 மி.மீ. தடிமனுக்குச் சமம், ஆழமில்லாத இடுக்கு அதில் அடைந்தே போகும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவிடுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகும்.

பெயிண்டுக்கு அடியில் போடும் பிரைமர் 1000 அல்லது 1500 நம்பர் போதும். சிவப்புப் பிளாஸ்டிக்மேல் வெள்ளை அடிப்பதானால் நடுவில் ஒரு சில்வர் கோட் போடுங்கள், இல்லாவிட்டால் சில நாளில் ரோஸ் கலர் மேலே ஏறிவரும். டமியா (ஜப்பானிய மாடல் கம்பெனி) பெயிண்டில் டிஎஸ் வரிசை ஸ்பிரே கேன்தான் இந்தப் பிளாஸ்டிக்குக்கு. பிஎஸ் வரிசை ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கு, அதை இங்கே அடிக்கவே கூடாது.

கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிஷம் வைத்துவிட்டு நன்றாகக் குலுக்குங்கள் (கொதிநீர் வேண்டவே வேண்டாம், வெடிக்கும்). 20 செ.மீ. தள்ளி, பாடிக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். முதல் இரண்டு கோட் வெறும் தூவல், பதினைந்து நிமிஷ இடைவெளி, மூன்றாவது ஈரமாக. வழிந்துவிட்டால் கையே வைக்காதீர்கள். இரண்டு நாள் காய்ந்தபின் 1500-ல் நீர் தொட்டுத் தேய்த்து மறுபடி அடிக்கலாம். ஈரக்காற்று உள்ள மழைநாளில் லாக்கர் பால்போல வெளிறும். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். வறண்ட நாளில் அதே பெயிண்டை மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கலர் காய்ந்து டீக்கல் ஒட்டியபின் அதன்மேல் டிஎஸ்-13 கிளியரை நேரே ஈரமாக அடித்தால் டீக்கல் சுருங்கும். இரண்டு மூன்று தூவல் காய்ந்த பிறகே ஈரக் கோட். ஒரு வாரம் விடுங்கள். மூக்கருகே வைத்தால் வாடை வரும்வரை அது காயவில்லை. பிறகு 2000, 3000 நீர்த்தேய்ப்பு, கடைசியில் காம்பவுண்ட் (பாலிஷ் பசை). பானட் விளிம்புகளில் பூச்சு மிக மெல்லிசு, நாலு இழுப்பில் பிரைமர் தெரிந்துவிடும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டியூப்லைட்டின் கீழே கூரையைப் பிடித்துப் பாருங்கள். பிம்பத்தின் ஓரம் நெளியாமல் கோடாக நின்றால் பாலிஷை நிறுத்திவிடலாம்.

கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள், அதன் ஆவி வெள்ளைப் படலமாகப் படியும். சாதாரண வெள்ளை ஃபெவிகாலைப் பல்குச்சியால் ஓரத்தில் தொட்டு வையுங்கள். காய்ந்தால் தெரியாது, தப்பினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.