"எல்லாருக்கும் வர்றதுதானே சிஸ்டர்"

மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 1996-இல் கனடாவில் உருவாக்கிய ‘மென்கால்’ என்ற கேள்விப்பட்டியல் உண்டு. மகளிர் பிரிவில் செவிலியராக அதை நிரப்பி வாங்குவது என் வேலை. 29 அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் உண்டா, இல்லையா; உண்டென்றால் எவ்வளவு தொந்தரவு என்று 0 முதல் 6 வரை ஓர் எண்.

உண்டு என்பதில் தயக்கமே கிடையாது. திடீரென்று முகமும் கழுத்தும் கொதிப்பது, நனைந்த துணியோடு நடுராத்திரியில் எழுந்து உட்காருவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, எதை எடுக்க வந்தோம் என்று மறந்து நிற்பது எல்லாம் உண்டு. எண்ணைக் கேட்டால் மட்டும் 1, மிஞ்சினால் 2. "எல்லாருக்கும் வர்றதுதானே சிஸ்டர்!"

தூக்கமின்மைக்கு 1 போட்ட ஒருவரிடம், அதனால் எதையாவது நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். "சூப்பர்வைசர் பொறுப்பு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றார், சாதாரணமாக. அந்தக் கேள்வியை இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன். எண் பல நேரம் தொந்தரவை அல்ல, பொறுமையைத்தான் அளக்கிறது என்பது என் எண்ணம்.

‘கொஞ்ச நாள்ல போயிடும்’ என்பது இன்னொரு சமாதானம். உடல் கொதிப்பு பலருக்கு 7 ஆண்டுகளுக்கு மேலும் நீடிக்கிறது. அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, அதிக ரத்தப்போக்கையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவது. அசதிக்குக் காரணம் ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், சோதித்தால் தெரிந்துவிடும். 12 மாதம் மாதவிடாயே வராமல் இருந்து பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே வந்துவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

ஹார்மோன் சோதனைக்குத்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். 45 வயது தாண்டி, அறிகுறிகளும் பொருந்தினால் பெரும்பாலும் அது தேவைப்படாது. ஹார்மோன் அளவு ஏறி இறங்கும் காலம் இது. ஒருநாள் எடுத்த ரத்தம் அந்த நாளைத்தான் சொல்லும்.

தாம்பத்தியம் பற்றிய 3 கேள்விகள்தான் அடிக்கடி காலியாகத் திரும்பும். பக்கத்தில் கணவரோ மகளோ இருந்தால் நிச்சயம் காலிதான். அதனால் படிவத்தைத் தனியாக உட்காரவைத்தே தருகிறேன். கொதிப்பு காலப்போக்கில் அடங்கலாம், பிறப்புறுப்பு வறட்சி பெரும்பாலும் தானாக அடங்காது. அதற்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது என்றால், "இதுக்கெல்லாமா மருந்து?" என்று கேட்டுவிட்டு, பெயரை எழுதித் தரச் சொல்கிறார்கள். டாக்டரிடம் அதை அவர்களே கேட்கட்டும் என்று எழுதித் தருகிறேன்.