லட்சத்தீவுக்குப் போகிறீர்களா? டிக்கெட்டுக்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள்

லட்சத்தீவு நம் நாட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே கால்வைக்க இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். 1967-ஆம் ஆண்டு விதிகள் அப்படி. மொத்தமே 32 சதுர கிலோமீட்டர் நிலம், மக்கள் வசிப்பது பத்தே தீவுகளில், அவர்களும் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். ஆகவே கட்டுப்பாடு நியாயமானதுதான். அலைச்சல் வருவது விதியால் அல்ல, எதை முதலில் செய்வது என்று யாரும் ஒழுங்காகச் சொல்லாததால்.

முதல் முட்டுக்கட்டை காவல்துறைச் சான்று. உங்கள் மேல் குற்ற வழக்கு இல்லை என்று உள்ளூர்க் காவல்துறை தர வேண்டும். நாங்கள் போன நிலையத்தில் எழுத்தர், "இந்தியாவுக்குள்ள போறதுக்கு இது எதுக்கு? பாஸ்போர்ட் ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அங்கே போகாதீர்கள். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் சான்று வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கானது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சரிபார்ப்புச் சேவை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் வேலைக்கானது, வாடகைதாரருக்கானது எல்லாம் இருக்கும். நமக்கு வேண்டியது தனிநபர் சரிபார்ப்பு. கூடவே, லட்சத்தீவு நிர்வாகம் இந்தச் சான்றைக் கேட்கும் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் விளக்கியபோது அசையாத கோப்பு அந்த ஒரு தாளை நீட்டியதும் நகர்ந்தது. குடும்பத்தில் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சான்று என்பதால், இதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர் இனிஷியல் இங்கே படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, விமான டிக்கெட்டில் முன்பின் மாறி என்றிருந்தால் ஒவ்வொரு மேசையிலும் கேள்வி வரும். ஓர் அடையாள அட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதில் உள்ளபடியே ஓர் இடைவெளிகூட மாறாமல் காவல்துறைச் சான்று, அனுமதி விண்ணப்பம், டிக்கெட் மூன்றிலும் எழுதுங்கள். முகவரிக்கும் இதே கதிதான். ஆதாரில் சொந்த ஊர், இருப்பது சென்னை வாடகை வீடு என்றால், விசாரணை எந்த நிலையத்துக்குப் போகும் என்று விண்ணப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தவறான நிலையத்துக்குப் போன விண்ணப்பம் அங்கேயே கிடக்கும்.

சான்று கைக்கு வந்தபின் அனுமதி. இதற்கு இரண்டு வழி. அரசின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ் நடத்தும் தொகுப்புப் பயணத்தில் சேரலாம், அல்லது தீவுக்காரர் ஒருவரோ அங்கே விடுதி நடத்துகிறவரோ உங்களுக்குப் பொறுப்பேற்று விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் லட்சத்தீவு நிர்வாகத்தின் இ-பெர்மிட் இணையதளத்தில்தான். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். அதற்கு மேல் பாரம்பரியக் கட்டணம் பெரியவர்களுக்கு 200, 12 முதல் 18 வயது வரை 100. அரசுக்குப் போவது இவ்வளவுதான். ஒரு முகவர் எங்களிடம் "சான்றே வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டார். அப்படிச் சொல்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அனுமதி வந்ததும் தேதியையும் தீவுகளின் பெயரையும் சரிபாருங்கள். அதில் எழுதாத தீவில் இறங்க முடியாது. விமானம் இறங்குவது அகத்தியில் மட்டும்தான். அங்கிருந்து படகில் கட்மத்துக்கோ பங்காரத்துக்கோ போகிறவர்கள், அகத்தியும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்த்து முடிக்கும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். அனுமதியைக் காட்டாமல் விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள், கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள்.

விமானமா கப்பலா? கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம் ஒன்றரை மணி நேரம். ஓடுபாதை சிறியது, விமானமும் சிறியது, அதனால் சாமான் எடையில் கறாராக இருப்பார்கள். கப்பல் 14 முதல் 18 மணி நேரம். எம்.வி. கவரத்தி 700 பேரை ஏற்றும், மற்றவை அதைவிடச் சிறியவை. முதல் வகுப்பு அறையில் இரண்டு படுக்கை, இரண்டாம் வகுப்பில் நான்கு. இந்தக் கப்பல்கள் தீவு மக்களின் பேருந்து மாதிரி. ஆஸ்பத்திரி, படிப்பு, அரிசி மூட்டை எல்லாம் இதில்தான் போய் வரும். நோயாளிக்கும் மாணவருக்கும் முன்னால் நமக்கு இடம் வேண்டும் என்று நிற்பது முறையல்ல. ஜூனில் தொடங்கி செப்டம்பர் நடுவரை தென்மேற்குப் பருவக் காற்று, அப்போது சுற்றுலாவே வேண்டாம். நல்ல பருவத்திலும் புறப்பாடு தள்ளிப்போகும். வெலிங்டன் தீவில் உள்ள பயணிகள் முனையத்துக்கு மூட்டையோடு போனபின் "நாளைக்குத்தான்" என்று கேட்பது பெரிய வேதனை. முந்தின நாள் மாலையும் அன்று காலையும் நேரத்தை உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள்.

வாந்திக்கு அவோமின் மாதிரி மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் போட்டால் மாத்திரையே வயிற்றில் தங்காது. மற்ற மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத கட்டம் இறங்குவதுதான். பல இடங்களில் கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள், கீழே சின்னப் படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். படகு மேலே வரும் நொடியில் ஆட்கள் உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்து உள்ளே வாங்குவார்கள். அவர்கள் சொல்லும்வரை காலை நீட்டக் கூடாது, சொன்னபின் தயங்கவும் கூடாது. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். சக்கரப் பெட்டி இங்கே பெரிய தொல்லை, முதுகுப் பைதான் சரி. செல்பேசியும் அனுமதித் தாளும் தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும். உயிர்க்காப்பு உடுப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள், அவர்கள் இறங்கும் தீவில் கப்பல் இறங்குதுறையை ஒட்டி நிற்குமா, வெளியே நிற்குமா என்று முதலிலேயே கேளுங்கள். வெளியே நிற்கும் என்றால் அவர்களை அகத்திக்கு விமானத்தில் கூட்டிப்போவது நல்லது.

தீவில் இறங்கியதும் காவல் நிலையத்தில் அனுமதியைப் பதிய வேண்டும். ஐந்து நிமிட வேலை, நகல்கள் இருந்தால் போதும். ஏ.டி.எம். இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் போகாமல் ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள். 2024 ஜனவரியில் இணையத்துக்கான கடலடிக் கேபிள் வந்துவிட்டாலும், செல்பேசியில் பணம் அனுப்புவதை மட்டும் வைத்துச் செலவைத் திட்டமிடாதீர்கள். தினமும் சாப்பிடும் மருந்தைத் தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும். பங்காரம் தவிர எங்கும் மது கிடையாது, பையில் எடுத்துப் போவதும் கூடாது. ஊருக்குள் நடக்கும்போது தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள்.

தண்ணீரை அளந்து செலவழியுங்கள். மணலுக்கு அடியில் மெல்லிய அடுக்காக நிற்கும் மழைநீர்தான் இந்தத் தீவுகளின் நன்னீர். அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும். சென்னையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் தலைநகர்த் தீவான கவரத்தியில் நிறுவிய ஆலை, ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக்கொண்டு நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுடையது. அந்தக் குடிநீரில் துணி அலசுவது அநியாயம்.

கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பிள்ளைகள் பையில் போட்டுவிடாமல் பாருங்கள். செத்த பவளமானாலும் எடுத்துவரக் கூடாது. கடல் அட்டையைத் தொடவே வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் கடுமையான வழக்கு. ஊருக்கு வாங்கிவர மினிக்காய்த் தீவின் மாசி, அதாவது உலர்த்திய சூரை மீன், இருக்கிறது. வாடை வெளியே வராமல் இரண்டு உறையில் கட்டச் சொல்லுங்கள்.

திரும்பும் கப்பல் கொச்சிக்குக் காலையில் வரும் என்று அட்டவணையில் இருந்தாலும், எர்ணாகுளத்தில் அன்றே பிடிக்கும் ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். மறுநாள் ரயிலில் போடுங்கள்.