கயிற்றுக்கு இந்தப் பக்கம்

வருடா வருடம் பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு போட்டுவிடுவேன். ஊருக்குப் போவதற்கு இல்லை. ஃபீனிக்ஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் மார்ஷலாக, அதாவது கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் பார்வையாளர்களை அமைதியாக வைத்திருப்பவனாக, நிற்பதற்கு. அரிசோனாவில், ஸ்காட்ஸ்டேல் நகரத்தில் நடக்கும் போட்டி அது. சம்பளம் கிடையாது, தன்னார்வ வேலை. விடியும் முன்பே போய் நிற்க வேண்டும். பாலைவனம் என்று பெயர்தான், பிப்ரவரிக் காலைகளில் புல்லெல்லாம் உறைபனி பிடித்து, ஆட்டத்தையே தள்ளி வைத்துவிடுவார்கள்.

முதல் முறை போனது 2019-இல். கோல்ஃப் என்றால் கைதட்டக்கூட யோசிக்கிற கூட்டம் வரும், நமக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் போனேன். எங்கள் குழுவுக்குத் தலைவியாக இருந்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டு வந்திருந்தால் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடு. நீ பார்க்க வேண்டியது ஜனங்களை."

அப்படித்தான் ஆனது. ஆட்டக்காரர் பந்தின் முன்னால் வந்து நிற்கும்போது நான் அவருக்கு முதுகு காட்டி, இரண்டு கைகளையும் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து நிற்பேன். பந்து எங்கே போனது என்பது முகங்களில்தான் தெரியும். மட்டை பட்டதும் எல்லோருடைய கண்ணும் ஒரே சமயத்தில் மேலே போகும், மெதுவாக இறங்கும். கடைசியில் உதடு பிரிந்தால் நல்ல அடி. பல்லைக் கடித்துத் தலையைச் சாய்த்தால் பந்து தண்ணீரிலோ, கள்ளிச்செடிக்கு நடுவிலோ கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று வருடங்களில் இது எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

முதல் வருடம் நான் செய்த ஒரு தப்பு இன்னும் மனதில் இருக்கிறது. ஒருவர் அடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். கயிற்றை ஒட்டி நின்ற இரண்டு பேர் தாழ்ந்த குரலில் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்களை அடக்குவதாக நினைத்து நான் "ஷ்ஷ்" என்றேன். சரியாக மட்டை பின்னால் போய் உச்சியில் நின்ற நேரம். பந்து வலப்பக்க மணலில் போய் விழுந்தது. ஆட்டக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மட்டைகளைச் சுமந்து வரும் உதவியாளரான கேடி மட்டும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த இருவரின் பேச்சு ஆட்டக்காரருக்குத் தொந்தரவாகவே இருந்திருக்காது. அது முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்த சத்தம். நான் போட்டதுதான் புதுச் சத்தம்.

நான் வேலை பார்ப்பது கணினிச் சிப் தயாரிக்கும் ஆலையில். அங்கே நாள் முழுக்க இயந்திரங்கள் இரைந்துகொண்டே இருக்கும், யார் காதிலும் ஏறாது. ஒரு பம்ப்பின் சத்தம் லேசாக மாறட்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவோம். ஆலையில் தினமும் பார்க்கிற இந்த விஷயம் புல்வெளியில் எனக்கு உறைக்க ஒரு வருடம் பிடித்தது.

அது புரிந்த பிறகுதான் 16-வது ஹோலும் (அடிக்கத் தொடங்கும் இடம் முதல் குழி வரையிலான 16-வது ஆட்டப்பகுதி) புரிந்தது. சுமார் 160 கெஜ தூரத்துக்கு ஒரு சின்ன பார்-3, அதாவது மூன்று அடிகளில் முடிக்க வேண்டியது. சுற்றிலும் மூன்று அடுக்கில் இருக்கைகள் கட்டி, ஸ்டேடியம் போல அடைத்துவிடுவார்கள். பதினைந்தாயிரம் பேருக்கு மேல் உட்காருவார்கள். அங்கே இடம் பிடிக்க, இருட்டிலேயே வந்து வரிசையில் நின்று, வாசல் திறந்ததும் தலைதெறிக்க ஓடுகிற கூட்டத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆட்டக்காரர் சுரங்கப்பாதை வழியாக உள்ளே வருவார். பந்து கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், விழுந்தால் ஆரவாரம், விழாவிட்டால் ஊளை. வேறு எந்தக் கோல்ஃப் மைதானத்திலும் இதைப் பண்பு கெட்ட செயல் என்பார்கள். அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஓடவே கூடாது, செல்போனை உள்ளே எடுத்துப் போகவும் கூடாது. ஆனால் 16-இல் இரைச்சல் நிற்பதே இல்லை என்பதால், அதற்குள் நின்று அடிப்பது பலருக்குச் சுலபமாகவே இருக்கிறது. சேப்பாக்கத்தில் பந்துவீச்சாளர் ஓடி வரும்போது மைதானமே அலறும், பேட்ஸ்மேன் அசையமாட்டார். அது மாதிரிதான்.

1997-இல் டைகர் வுட்ஸ் இந்த 16-இல் ஒரே அடியில் குழியில் போட்டபோது பீர் கோப்பைகள் மழையாகப் பொழிந்தன. அப்போது இவ்வளவு பெரிய ஸ்டேடியமெல்லாம் கிடையாது. 1999-இல் இதே போட்டியின் 13-வது ஹோலில் அவருடைய பந்துக்கு முன்னால் ஒரு பெரிய பாறை கிடந்தது. தரையில் புதைந்திராத கல் என்பதால் நகர்த்தலாம் என்று நடுவர் சொல்ல, பார்க்க வந்திருந்தவர்கள் ஒரு டஜன் பேர் சேர்ந்து அதை உருட்டித் தள்ளினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் இது. கூட்டத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் அது எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது!

2018-இல் ஒரே வாரத்தில் 7,19,179 பேர் வந்தார்கள், சனிக்கிழமை மட்டும் 2,16,818 பேர். இத்தனை பேரைக் கையைத் தூக்கி யாராலும் அடக்க முடியாது. ஒருவர் அமைதியாவது பக்கத்தில் நிற்பவர் அமைதியாக இருப்பதால்தான். சத்தம் போடுகிறவரை நான் முறைப்பதில்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பார்ப்பேன். அவர் முழங்கையால் ஒரு இடி இடிப்பார், அவ்வளவுதான்.

2024 சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. வாசலை மூடினார்கள், மது விற்பனையை நிறுத்தினார்கள். அந்த வாரக் கடைசியில் ஜாக் ஜான்சன் என்ற ஆட்டக்காரர் பார்வையாளர்களிடம் பொறுமை இழந்து பேசினார். தன்னோடு ஆடியவர் அடிக்கும்போது பேசியவர்களைப் பார்த்து இன்னொரு ஆட்டக்காரர் பில்லி ஹோர்ஷல் கத்தினார். உடனே எல்லோரும் குடிகாரக் கூட்டம் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். குடித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் பெய்த மழையைப் பற்றியும் பேச வேண்டும். சாதாரணமாக ஜனங்கள் ஹோல்களுக்கு இடையே இருக்கும் புல்மேடுகளில் பரவி உட்காருவார்கள். மேடெல்லாம் சேறாகி வழுக்கியதால், அத்தனை பேரும் நடைபாதையில் வந்து நெருக்கினார்கள். முன்னே போகவும் முடியாமல், பின்னே வரவும் முடியாமல், கழிப்பறைக்கும் போக முடியாமல் இரண்டு மணி நேரம் நிற்கிற மனிதனிடம் என்ன பண்பை எதிர்பார்ப்பது? அடுத்த வருடம் டிக்கெட்டைக் குறைத்தார்கள், பாதைகளை அகலப்படுத்தினார்கள். வந்தவர்கள் அதே மாதிரி ஆட்கள்தான், நடந்துகொண்டதில்தான் வித்தியாசம் இருந்தது.

ஆனால் யாராவது கேட்டால் நான் சொல்வது 2022-ஐப் பற்றித்தான். அந்த வருடம் எனக்கு 17-வது ஹோலில், கிரீனுக்குப் பக்கத்தில் வேலை. சனிக்கிழமை மதியம் 16-இலிருந்து ஒரு சத்தம் வந்தது. அங்கிருந்து சத்தம் வந்துகொண்டேதான் இருக்கும். பாரைவிட ஓர் அடி குறைவாக முடிக்கும் பேர்டிக்கு ஒரு மாதிரி, கிரீனில் உருட்டி விடும் நீளமான பட் குழியில் விழுந்தால் ஒரு மாதிரி. இது எதிலும் சேராத சத்தம். தரை அதிர்ந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் கையில் பிடித்திருந்த கயிறு நடுங்கியதை நான் உணர்ந்தேன். சாம் ரைடர் என்ற ஆட்டக்காரர் ஒரே அடியில் குழியில் போட்டுவிட்டார். கூட்டம் வீசிய பீர் கோப்பைகளைப் பொறுக்கி முடித்து ஆட்டம் தொடர சுமார் கால் மணி நேரம் ஆனது.

மறுநாள் ஞாயிறு. சாஹித் தீகலா, தொழில்முறை வட்டத்தில் முதல் வருடம் ஆடும் பையன், பெற்றோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். முன்னிலையைப் பங்குபோட்டுக்கொண்டு 17-க்கு வந்தார். இது பார்-4 என்றாலும் ஒரே அடியில் கிரீனை எட்டிவிடலாம். இடப்பக்கம் தண்ணீர். வழக்கம்போல நான் கூட்டத்தைப் பார்த்து நின்றேன். கண்கள் மேலே போயின, இறங்கின. உதடுகள் பிரியத் தொடங்கின. அப்புறம் எல்லா முகமும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் திரும்பியது, சத்தமே இல்லாமல். பந்து தரையில் பட்டு, எகிறி, தண்ணீருக்குள் போய்விட்டது.

வாரம் முழுக்கக் கத்திய கூட்டம் அது. முன்வரிசையில் தொண்டை கட்டிப்போன ஒரு பெரியவர், நாள் முழுக்கத் தீகலாவின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தவர், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தீகலா நடந்து வந்து சேரும்வரை நான் கையைத் தூக்கவே இல்லை, தேவைப்படவில்லை. ஒரே ஒரு மட்டையடி வித்தியாசத்தில், முதலிடத்தில் சமமாக முடித்தவர்கள் ஆடும் பிளே-ஆஃபைத் தவறவிட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் நாப்பாவில் அவர் தன் முதல் பட்டத்தை வென்றபோது வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். கடைசி பட் உருளும்போது என் கண் அவரை விட்டுவிட்டு, கயிற்றுக்குப் பின்னால் நின்ற முகங்களுக்குத்தான் போனது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் தலைவியிடம் 17-வது ஹோலையே கேட்டு வாங்குகிறேன்.