ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸைக் கழற்றும் முன்

அப்பா காலத்து டிராக்டரில் ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினாலும் முன்சக்கரம் அசையவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "பாக்ஸ் போச்சு" என்றார்கள்; ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டியைத்தான் அப்படிச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பாக்ஸில் கை வைப்பது கடைசி வேலை.

முதலில் ஸ்டியரிங் வீலின் நடு நட்டைப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது, வீலைத் தண்டோடு பிணைக்கும் ஸ்ப்லைன் பல்லும் தேயவில்லை. அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, தம்பியை சீட்டில் உட்காரவைத்து வீலை இடமும் வலமுமாக லேசாக ஆட்டச் சொன்னேன். நான் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துக்கொண்டே போனேன். பாக்ஸிலிருந்து முன்சக்கரப் பக்கம் போகும் கம்பியான டிராக் லிங்கின் முன்முனையில் பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு) 'டக் டக்'கென்று தட்டியது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சேறு.

அதை மாற்றியதுமே பெரும்பாலான ஆட்டம் போய்விட்டது.

மிச்சத்துக்குத்தான் பாக்ஸ். ஆயில் குறைந்திருந்தது, ஊற்றினேன். பாக்ஸின் உள் ஆட்டத்தைக் குறைக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைச் சக்கரம் நேராக நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். எப்போதும் நேராகவே ஓட்டுவதால் உள்ளே இருக்கும் வார்ம் (திருகு போன்ற பல் தண்டு) நடுவில்தான் அதிகம் தேயும். பேராசையில் அந்த நடு ஆட்டத்தைச் சுத்தமாக எடுக்கப் பார்த்தால், முழுசாக ஒடிக்கும்போது பிடித்துக்கொள்ளும். அதனால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்த்த பிறகே லாக் நட்டை இறுக்கினேன்.

இடது கிங்பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் முளை) புஷ்ஷிலும் கொஞ்சம் ஆட்டம் தெரிகிறது. உழவு முடியட்டும், மாற்றிக்கொள்ளலாம்.