வராத பந்து யார் கணக்கில்?

17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணிக்கு இரண்டு கோல் காவலர்களில் ஒருவனை எடுத்திருந்தோம். தேர்வுப் பட்டியலில் கையெழுத்திடும் முன் அண்ணன் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "தம்பி, பந்தே வராத கோலுக்கு முன்னால நின்னவன எத வச்சு நல்லவன்னு சொல்ற?" "வராம பாத்துக்கிட்டதும் அவன் வேலைதானேண்ணே" என்றேன். அவர் மேற்கொண்டு வாதிடாமல் கையெழுத்திட்டார். என் பதில் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது நாங்கள் எடுத்த பையனைப் பார்த்துச் சொன்ன பதிலா, எந்தக் கோல் காவலருக்கும் பொருந்திவிடக்கூடிய பொதுப் பதிலா என்பதில்தான் மனம் நிலைகொள்ளவில்லை.

கோலாலம்பூரின் செந்தூல் திடலில் நாங்கள் எடுக்காமல் விட்ட பையனின் ஆட்டத்தைக் கைப்பேசிப் பதிவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எதிராளியின் கால் பந்தைத் தொடும் கணத்தில் இவன் கால்கள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். அந்தக் கணத்தில் இரு கால்களும் ஊன்றி நிற்காவிட்டால் உடலின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். உந்தி எழத் தாமதமாகும். ஓரடி நகர்ந்து நெஞ்சோடு அணைத்திருக்கக்கூடிய பந்தை முழு நீளத்துக்குப் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட வேண்டியிருக்கும். திடலோரத்தில் நின்றவர்கள் கைதட்டியது அத்தகைய பாய்ச்சல்களுக்குத்தான். நாங்கள் எடுத்த மற்றவனோ, பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் தூக்கி அடிக்கும் கிராஸ் வரப்போவதை, ஓரத்தில் ஆடும் விங்கரின் தோள் திரும்பும்போதே கணித்து, இரண்டடி முன்னே வந்து, தலைக்கு மேலே பந்தைப் பிடித்துவிட்டான். ஒருவரும் கைதட்டவில்லை.

பெரிய லீக்குகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. கோலை நோக்கிச் செல்லும் ஒவ்வொரு பந்தும் எங்கிருந்து அடிக்கப்பட்டது, கோலின் எந்த மூலைக்குப் போகிறது என்பதையெல்லாம் வைத்து அது கோலாகும் வாய்ப்பை மதிப்பிட்டு, உண்மையில் விழுந்த கோல்களோடு ஒப்பிடுகிறார்கள். வெறும் தடுப்பு எண்ணிக்கையைவிட இது மேலானது. ஆயினும் அடிக்கப்படாத பந்துக்கு அதிலும் மதிப்பில்லை. 2008-09 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல் காவலர் வான் டெர் சார் லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 1,311 நிமிடங்கள் கோல் விடாமல் நின்றார். அவருக்கு முன்னால் தற்காப்பில் பெர்டினாண்டும் விடிச்சும் நின்றார்கள். அந்த நிமிடங்களை மூவருக்குமிடையே எப்படிப் பங்கு பிரிப்பது? எங்களிடம் இருந்ததோ ஒரு கைப்பேசியும் என் குறிப்பேடும் மட்டுமே.

அண்ணன் மலேசிய அணியின் கோல் காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற ஆட்டத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். (தகுதி பெற்றும் நாம் பல நாடுகள் செய்த புறக்கணிப்பில் சேர்ந்து போகாமலிருந்த வருத்தம் தனிக்கதை.) ஆறுமுகத்துக்கு முன்னால் தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் இருந்தார்களே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்த நீண்ட கைகள் எட்டிய பந்துகளை, சரியான இடத்தில் நிற்கத் தெரிந்த எல்லோராலும் எட்டிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும்.

என்னை உறுத்துவதும் அதுதான். கால்களை நேரத்துக்கு ஊன்றுவதைப் பயிற்சியால் திருத்தலாம். நானே பலருக்குத் திருத்தியிருக்கிறேன். அந்தப் பாய்ச்சலை யாராலும் கற்றுக்கொடுக்க இயலாது. 17 வயதுக்குட்பட்ட ஒருவனைத் திருத்தக்கூடிய குறைக்காகவா ஒதுக்கினோம்? போட்டி நெருங்கிவிட்டது, திருத்த அவகாசம் இல்லை என்பது நியாயமான காரணமே. ஆனால் அண்ணனிடம் நான் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. யார் நல்ல கோல் காவலர் என்பதைப் பற்றியல்லவா பேசினேன்?

அந்தப் பையன் இப்போது வேறோர் அணிக்கு ஆடுகிறான். கோல்கள் நிறைய விழுகின்றன. "பாத்தீங்களா, நீங்க எடுத்த முடிவுதான் சரி" என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். அந்த அணியின் தற்காப்பைப் பார்த்தவன் என்ற முறையில் அந்தப் பாராட்டை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.